பல் இல்லாத பல்வலி

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மேல்மலைக்கு ஏறும்போதுதான் அம்மாவுக்குப் பல் வலிக்கும். பாதி ஏற்றத்தில் நின்று, இடது தாடையைப் பிடித்துக்கொண்டு, கூடைக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிவாள். கொஞ்சம் நின்றால் வலி போய்விடும். மறுபடி ஏறுவாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்தில் அம்மா கொழுந்து பறித்த அதே தோட்டத்தில் நானும் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒன் பல்லு சரியான வேலைக்கள்ளிம்மா. சோறு திங்கிறப்ப சும்மா இருக்கு, மலையப் பாத்தா மட்டும் வலிக்குது."

"வாய மூடிட்டு முன்னால போடா. ஒன் வாய்க்கு ஒரு வலியும் வரமாட்டேங்குதே!"

வெற்றிலை போடும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்களில் சொத்தைப் பல் இல்லாதவர் யார்? எல்லோரும் கிராம்பு வைக்கச் சொன்னார்கள். ஏற்றத்தில் அம்மாவுக்கு மூச்சும் வாங்கியது; அதை யாரும் நோயாகவே நினைக்கவில்லை. கூடையோடு அந்த மலை ஏறினால் எவருக்கும் வாங்கும்.

கடைசியில் பதுளைக்கு பஸ் ஏறிப்போய்ப் பல்லைப் பிடுங்கினோம். பிறகும் அதே ஏற்றத்தில் அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புடுங்குன எடத்துலயே வலிக்குதுடா."

"பல்லு செத்துப் பேயா வந்திருச்சும்மா!"

சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு முட்டி, பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

சில வாரம் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் சரிந்தாள். பனி கொட்டுகிற காலையில் உடம்பெல்லாம் வேர்வை. நிறைந்த கூடையைத் தூக்கி நெஞ்சில் வைத்ததுபோல் இருக்கிறதென்றாள். கொழுந்து லொறியிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "பல்லு வலிதாங்கய்யா மொதல்ல வந்துச்சு. பல்லப் புடுங்கியும் போகலீங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஏறேக்க வரும், நிண்டா விட்டிடும். அப்பிடியோ அம்மா?"

"ஆமாங்க."

என்னை வெளியே கூட்டிப்போனார். "தம்பி, அது பல்லில்லை, இருதயம். அதுக்கு ரத்தம் போதாட்டி அந்த வலி தாடையிலயும் வரும், தோள்மூட்டிலயும் வரும். பொம்பிளையளுக்குச் சிலவேளை களைப்பும் மூச்சுமுட்டும் மட்டும்தான். இப்ப கனக்கப் பழுதாப்போச்சு."

உள்ளே போனேன். மூக்கில் குழாயோடு கிடந்தாள். அழக் கூடாதென்று வழக்கம்போல் ஆரம்பித்தேன்: "பாத்தியாம்மா, வேலைக்குப் போகாம மெத்தையில படுத்திருக்க. கங்காணி வந்து ஏசப்போறாரு."

சிரிக்கப் பார்த்தாள். மூச்சு சிக்கி முகம் நீலம் பாய்ந்தது. டாக்டர் ஓடிவந்தார்.

"தம்பி, அவவைச் சிரிக்க வைக்காதையும். மூச்சுக் காணாது."

அன்று சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே பேசவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தபடியே போய்விட்டாள்.