கள்ளக்குறிச்சி மாடியில் ஒரு மெயின்பிரேம்காரி

மெயின்பிரேம் என்கிற ராட்சசக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓட்டுவது என்பது, ஒரு கல்யாண மண்டபத்தைத் தட்டி போட்டுத் தடுத்து, நூறு குடித்தனம் வைத்து, ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. ஒவ்வொரு குடித்தனமும் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுகிற ஒரு லினக்ஸ். மண்டபம் முழுக்கத் தனக்குத்தான் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட நம்மைப் போன்ற ஜென்மங்கள் கொஞ்சம் பேர்தான். கள்ளக்குறிச்சியில், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரருக்கு இங்கிருந்து மலையேறினால் வரும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. எனக்குச் சென்னையில் ஆபீஸ், ஹாஸ்டல். நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பெண்டாட்டியாக இருந்து பார்த்தோம். போதும் போதும் என்று ஆகிவிட்டது. கள்ளக்குறிச்சியில் வீடு எடுத்து இங்கிருந்தே வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். “ஒரு தடவை மெஷின் உங்க கைக்கு எட்டலைன்னாலும் சென்னைக்கு வந்துடணும்” என்பது நிபந்தனை. என் கையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அவருக்குத்தான்.

மாடி தாங்குமா?

வீடு பார்க்கப் போன அன்று, என்ன வேலை என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றேன். எவ்வளவு பெரிசு என்றார். இரட்டை பீரோ அளவு இருக்கும், எடை ஒரு டன்னுக்குப் பக்கம் என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது. “மாடி தாங்காதும்மா. போன மழைக்கே ஒழுகிச்சு” என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மெஷின் சென்னை ஆபீஸில் குளுகுளு அறையில் இருக்கிறது, என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப் மட்டும்தான் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சாவி வெளியே வந்தது. ஆனால் மேனேஜர் இரண்டு வாரமாக இங்கிலீஷில் சுற்றிச் சுற்றிக் கேட்டதை அக்கா ஒரே மூச்சில் கேட்டார்: “மெஷினு அங்க கீது, நீ இங்க குந்திக்கினு இன்னாம்மா பண்ணுவ?”

மரியாதைக்காரர்

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்தவர் பிரபாகர். சாதாரண சர்வர்களில் பதினைந்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒருநாள் காலை, ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் லினக்ஸ் திடீரென்று காணாமல் போனது. பார்த்தால், பிரபாகர் அதன் கன்சோலுக்குள், அதாவது நேராகக் கட்டளை அடிக்கிற திரைக்குள் போய், ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு, வெளியே வரும்போது லாக்ஆஃப் அடித்திருக்கிறார். மற்ற இடங்களில் அதற்கு ‘நான் கிளம்புகிறேன்’ என்று அர்த்தம். மெயின்பிரேம் கன்சோலில் அதற்கு ‘குடித்தனத்தையே காலி பண்ணு’ என்று அர்த்தம். இங்கே டிஸ்கனெக்ட் என்று அடித்துவிட்டு நைசாக நழுவ வேண்டும்.

மாடியில் உட்கார்ந்தபடியே பத்து நிமிஷத்தில் அதை எழுப்பி நிறுத்தினேன். அவரைத் திட்டவில்லை, வேலைக்குச் சேர்ந்த மாதம் நானும் ஒன்றைக் கொன்றவள்தான். பாவம், மனிதர் போனில் கேட்டார்: “வேலை முடிஞ்சதும் மரியாதையா சொல்லிக்கிட்டுக் கிளம்பினேங்க, அது ஒரு தப்பா?”

சாப்பாட்டு நேரம்

அதே கம்பெனியில் கன்சோலைக் கவனிக்கிறவர் சேகர். மத்தியானம் போன் பண்ணி, எல்லாம் அப்படியே உறைந்துபோய் நிற்கிறது என்று பதறினார். திரையின் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ‘ஹோல்டிங்’ என்றார். செய்தி வேகமாக ஓடினால் என்டரைத் தட்டி நிறுத்திவைத்துப் படிக்கலாம். படித்ததும் திரையைத் துடைத்துவிட வேண்டும். துடைக்கிறவரை லினக்ஸ் அடுத்த வரியை எழுதக் காத்து நிற்கும், அதற்குப் பின்னால் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். இவர் நிறுத்தினார், படித்தார், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திரையைத் துடைக்கிற பட்டனை அழுத்தச் சொன்னேன். எல்லாம் ஓட ஆரம்பித்தது. சேகர் பெருமூச்சு விட்டார்: “நான் சாப்ட்டு வர்ற வரைக்கும் நிக்கும்னு நினைக்கல மேடம், எங்க வூட்ல கூட எனக்காக யாரும் நின்னதில்ல.”

வெள்ளிமலை ஜீப்

மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு வாரம். வீட்டுக்காரரின் பள்ளி ஆண்டு விழாவுக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளிமலை போயிருந்தேன். விழா முடிந்து, சாமை மூட்டைகளுக்கும் எட்டுப் பேருக்கும் நடுவில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். மேனேஜரிடமிருந்து போன். காப்பீட்டுக் கம்பெனி லினக்ஸ் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எழவில்லை, நெட்வொர்க் இல்லை, கன்சோல் மட்டும்தான் இருக்கிறது, பிரபாகர் ஊரில் இல்லை. உடனே மெஷினுக்குள் வாருங்கள் என்றார். லேப்டாப் மடியில்தான் இருந்தது. ஆனால் அன்று மலையில் பேசத்தான் சிக்னல், நெட் துளியும் இல்லை. ஹாஸ்டல் கட்டில் கண்முன் வந்து போனது.

நெட் இல்லை என்றதும், “எட்டலையா?” என்றார் மேனேஜர். “எட்டும் சார். நான் சொல்றேன், நீங்க அடிங்க” என்றேன். அவர் அதுவரை ஃபைலைத் திருத்துகிற எடிட்டரைத் திறக்கப் பார்த்துத் தோற்றிருந்தார். அந்தக் கன்சோலில் எடிட்டர் வேலை செய்யாது. ஒரு வரி அடிக்கலாம், பதில் வரும், அவ்வளவுதான். நாமெல்லாம் வாய் ஓயாமல் திட்டுகிற அந்தத் தரித்திரம்தான் அன்று எனக்குக் கைகொடுத்தது. வரி வரியாகப் போவதைப் போனில் சொல்வதற்கென்ன? டிஸ்க் பட்டியல் உள்ள ஃபைலை வரிக்கு எண் போட்டு வாசிக்கச் சொன்னேன். முந்தின நாள் கழற்றிய டிஸ்க், ஏழாவது வரியில் இன்னும் குந்தியிருந்தது. இல்லாத அதற்காகத்தான் லினக்ஸ் முரண்டு பிடித்தது. அந்த வரியை அழிக்கும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். நகர்ந்தால் சிக்னல் போய்விடும் என்று டிரைவரை நிறுத்திவைத்திருந்தேன், ஜீப்பில் கிளம்ப அவசரப்பட்டவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

மறுபடி ரீஸ்டார்ட். லாகின் கேட்கிறது என்றார் மேனேஜர், அதாவது எழுந்துவிட்டது. “அப்ப நான் வெளிய வந்துடறேன்” என்றார். “லாக்ஆஃப் அடிக்காதீங்க சார்!” என்று நான் போட்ட கத்தலில் மூட்டைமேல் தூங்கியவர் எழுந்துவிட்டார். “ஆமாக்கா, ஆஃப் பண்ணாம வரச் சொல்லு, ஸ்டார்ட்டிங் ட்ரபுளு ஜாஸ்தி” என்றார் டிரைவர், தன் ஜீப்பின் அனுபவத்தில். மேனேஜர் டிஸ்கனெக்ட் அடித்தார். பிறகு சொன்னார்: “மெஷினுக்குப் பக்கத்து ரூம்லயே உக்காந்திருக்கேன், இன்னிக்கு எட்டாதது எனக்குத்தான். நீங்க கள்ளக்குறிச்சியிலயே இருங்க.”

ஆகவே சக பாவிகளே, மெஷின் ஓர் ஊரிலும் நாம் ஓர் ஊரிலும் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஆனால் கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்புகிற மரியாதையை மட்டும் வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.