காகிதத்துக்குப் போட்ட மல்லி

மூன்றாவது சாம்பிளையும் முகர்ந்துவிட்டு, பெங்களூர்க் கடைக்கார அம்மா மூடியைத் திருகி மேஜையில் வைத்தார். என் மகள் செல்வியின் முகம் சுண்டிப்போனது.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு பொண்ணு பக்கத்துல வந்து நின்ன மாதிரி இல்லை. கல்யாணப் பத்திரிகையைப் பிரிச்ச மாதிரி இருக்கு."

அந்த அம்மா மூக்குள்ளவர்தான். ஒத்துக்கொள்கிறேன்.

விருதுநகர்ப் பக்கம் சென்ட் கலவை என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். சிவகாசி பிரஸ்களுக்கு வாசனைக் காலண்டருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் சென்ட் கலந்து கொடுத்தே ஆளானேன். வீடு, கம்பெனி, செல்வியின் கெமிஸ்ட்ரி படிப்பு எல்லாம் இந்த மூக்கு சம்பாதித்தது. கவரைப் பிரித்ததும் மல்லி முகத்தில் அறைந்தால், அது என் சரக்கு என்று பிரஸ் முதலாளிகள் கேட்காமலே சொல்வார்கள்.

செல்வி தொடங்கியது வேறு ரகம். சின்னக் குப்பி, பெரிய விலை. தேடி வருகிறவர்களுக்கு மட்டும் விற்பது. 'நிஷ் பெர்ஃப்யூம்' என்கிறார்கள். பெங்களூர் அம்மா கேட்டது மல்லி. ஊர் உலகமே போட்டுச் சலித்த பூவைப் புதிதாகக் கொடுங்கள் என்றார். இந்த ஆர்டர் தேறாவிட்டால், மும்பைக் கம்பெனி ஒன்று கூப்பிட்ட வேலைக்குப் போய்விடுவதாகச் செல்வி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள். என் மகளாயிற்றே.

மதுரையில் வேலை முடித்துத் திரும்பும்போது கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்று அந்த அம்மா கிளம்பினார்.

கார்டும் தோலும்

எங்கள் தொழிலில் வாசனையை ஆர்ட் கார்டில்தான் சோதிப்போம். துளி விட்டு, டப்பாவில் அடைத்து, சில நாள் கழித்துத் திறந்து பார்ப்போம். காலண்டர் மார்கழி வரைக்கும் மணக்க வேண்டும் அல்லவா? அதனால் பூவும் தூக்கல், அதைப் பிடித்து நிறுத்தும் பேஸ் அதைவிடத் தூக்கல். செல்வியின் டிரையலையும் கார்டில் விட்டுப் பார்த்து, "பத்தாது, இன்னும் ஊத்து" என்றது நான்தான். கார்டுக்கு அந்த அளவு சரி. இன்றைக்கும் சரி.

"காகிதத்துக்கு உடம்புச் சூடு கிடையாதுப்பா. தோல்ல போட்டா உங்க பேஸ் கத்துது" என்றாள் செல்வி.

"கத்தட்டுமே. கத்துனாத்தான் நாலு பேரு திரும்பிப் பாப்பான்."

"திரும்பிப் பாத்துட்டுத் தள்ளி உக்காருவான்."

டீ கொண்டுவந்த என் மனைவி வள்ளி, குப்பியை எடுத்து மணிக்கட்டில் தேய்த்து முகர்ந்தாள். "பூ சரி. தலை எங்க?"

"தலையா?"

"மல்லிப்பூவ யாரு தட்டுல வச்சு மோந்தா? எண்ணெ தேச்ச தலையில இருந்தாத்தான மல்லி. இம்புட்டு வருசமா சென்ட் விக்கீக, இது தெரியலியா?"

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கல்யாணத்துக்கு முன் வள்ளி சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில், பசை தடவி வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டினாள். இரும்பு பட்டால் பொறி வரும் என்று ஹேர்பின்னுக்குத் தடை. பூவை நூலாலேயே சடையோடு சேர்த்து முடிந்திருப்பாள். சாயங்காலம் கேட்டைத் தாண்டி வரும்போது வாடத் தொடங்கிய மல்லி, தேங்காய் எண்ணெய், கையில் காய்ந்த மைதாப் பசை எல்லாம் சேர்ந்து ஒரு மணம் வரும்.

"அந்த மணத்துக்காகத்தான் ஒன்னயக் கட்டுனேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப மூஞ்சிக்காக இல்லியா?"

செல்வி சிரித்துக்கொண்டே டிராப்பரை எடுத்துவிட்டாள்.

பூவைப் பாதியாகக் குறைத்தாள். என் பேஸை அடியோடு எடுத்தாள், வலித்தது, விட்டுவிட்டேன். தேங்காய் மணத்துக்கு லாக்டோன் என்று ஒரு கெமிக்கல் சேர்த்தாள். பசைக்கு, அரிசிமாவு போல மணக்கும் ஒன்றைத் துளித்துளியாக விட்டாள். மல்லியில் இண்டோல் என்று ஒரு சரக்கு உண்டு, வாடின பூவின் கனத்த நெடி அதுதான். இந்தக் காலத்தில் யாருக்கும் பிடிக்காது என்று அதைக் குறைக்கப் போனாள். கையைப் பிடித்தேன். "அதைத் தொடாத. சாயங்காலப் பூவுக்கு அதுதான் உசுரு." முகர்ந்து பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள். அந்த 'சரிப்பா'வை நான் இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கார்டை உள்ளே வைத்துவிட்டு ஒவ்வொரு டிரையலையும் வள்ளியின் பிடரியில் போட்டுப் பார்த்தோம். "நான் என்ன காலண்டரா?" என்று சத்தம் போட்டாள். ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

டீ கொடுத்த நேரம்

பெங்களூர் அம்மா வந்தார். செல்வி குப்பியை எடுப்பதற்குள் வள்ளி டீயை நீட்டிவிட்டு உள்ளே திரும்பினாள். அந்த அம்மா டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"அம்மா, ஒரு நிமிஷம். நீங்க வச்சிருக்கிறது எந்த ஊர் மல்லி?"

வள்ளி சடையைத் தடவிப் பார்த்தாள். "பூவா? நான் இன்னைக்குப் பூவே வைக்கலியே."

அவர் எழுந்து வந்து வள்ளியின் பின்னால் நின்று பார்த்தார். வெறும் சடை. செல்வி குப்பியை நீட்டினாள். அதை அவர் திறக்கவே இல்லை, கைப்பையில் போட்டுக்கொண்டார். "இதில் இனி எதையும் மாத்தாதீங்க" என்றார்.

அவர் கார் தெருவைத் தாண்டியதும் செல்வி வாசலில் நின்று மும்பைக்குப் போன் செய்தாள். "இல்லை சார், நான் வரலை. இங்கயே வேலை இருக்கு." நான் பீக்கர் கழுவுகிற சாக்கில் முழுதும் கேட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். மல்லியில் பாதிதான் பூவில் இருக்கிறது. மீதி அதை வைத்துக்கொள்கிற ஆளிடம் இருக்கிறது. பாதியை எல்லோரும் விற்கிறார்கள். மீதியையும் சேர்த்து விற்கிறவர்கள், எனக்குத் தெரிந்து, நாங்கள்தான்.