கொடி கட்டிய லோடு ஆட்டோ

எல்லையில் சண்டை நடந்த அந்தக் கோடையில், சிதம்பரத்தில் என் அத்தை நடத்திவந்த காது கேளாத பிள்ளைகளின் விடுதியில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் மூட்டை அனுப்பும் முதுநகர் அரிசி மண்டிக்காரர், "இந்தத் தடவ எல்லாம் பட்டாளத்துக்குத்தாம்மா" என்று கைவிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான் இருந்தது. போக வீடில்லாத பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று அத்தைக்குத் தூக்கமே போயிற்று.

கீரப்பாளையம் பக்கத்துக் கிராமங்களில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தருமத்துக்கென்று தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அதை வாங்கிவர மாமா லோடு ஆட்டோவில் கிளம்பினார். லீவுக்கு வந்திருந்த நானும் தொற்றிக்கொண்டேன். மாமா பொய் சொல்லாதவர். வண்டிக்கு முன்னால் ஒரு தேசியக் கொடியை மட்டும் கட்டினார். மீதியை ஜனங்களே நினைத்துக்கொண்டார்கள். பானைகள் அப்படியே கவிழ்ந்தன. ஓர் அம்மா அரிசியோடு மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்றையும் கொண்டுவந்து, "பத்தரமா போய்ச் சேந்துடும்ல?" என்று கேட்டார். மாமா தலையை ஆட்டி வைத்தார்.

விடுதிக்குத் திரும்பியதும் அத்தை மூட்டைகளைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

"யாருக்குன்னு சொல்லி வாங்குனீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லல."

"அதத்தான் கேக்குறேன்."

மறுநாள் அதே வண்டி, அதே மூட்டைகள். கொடி மட்டும் இல்லை. "புழுங்கலும் பச்சையும் ஒண்ணா கலந்து கெடக்கு, யாருதுன்னு எப்டி பிரிப்ப?" என்று மாமா முனகினார். கேட்பவர்களுக்கு அளந்து கொடுப்போம் என்று அத்தை வண்டியில் ஏறிவிட்டார்.

"இது பட்டாளத்துக்குப் போவலம்மா. காது கேக்காத புள்ளைங்களுக்கு. வேணும்னா திருப்பி எடுத்துக்குங்க." ஒரு வீடு விடாமல் அத்தை இதைச் சொன்னார். சிலர் மாமாவைக் கண்டபடி ஏசினார்கள். சிலர் முறத்தை நீட்டித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் பாதிக்கு மேல் அரிசி வண்டியிலேயே நின்றது.

ஊறுகாய் கொடுத்த அம்மாவின் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அவர் மகன் பட்டாளத்தில் இருப்பது அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தை சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மா வண்டிக்கு அருகில் வந்து மூட்டைகளைப் பார்த்தார். பிறகு, "அரிசி இருக்கட்டும், புள்ளைங்க சாப்புடட்டும். அந்த பாட்டில மட்டும் குடுத்துடுங்க" என்றார்.

அத்தை அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் நான் பொருமினேன். அவ்வளவு அரிசியை விட்டுக்கொடுத்தவர் போயும் போயும் ஊறுகாயில் கஞ்சத்தனம் பார்க்கிறாரே என்று. மகனுக்கென்று போட்ட அந்த ஊறுகாயை அந்த வீட்டில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.