கொசுவும் கணக்கு டீச்சரின் தைராய்டும்

இந்த ஊரில் நரம்போடு பிறந்த எவரும் கொசுவின் ஊசிக்குத் தப்பியதில்லை. சரி, இது சற்று அதிகப்படிதான். மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள் வேறு லேபுக்குப் போகிறார்கள். ஊசியைக் கண்டால் ஓட்டம் பிடிப்பவர்கள் எந்த லேபுக்கும் போவதில்லை. மிச்சப்பட்டவர்களின் ரத்தம் என்றைக்காவது ஒருநாள் கொசுவின் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

கொசு என்பது புகுந்த வீட்டில் விழுந்த பெயர். கல்யாணமான புதிதில், "மருமக என்ன வேலை பார்க்கறா?" என்று யாரோ கேட்க, "ரத்தம் எடுக்கற வேலை" என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். மறுநொடியே நாத்தனார், "அப்ப கொசுன்னு சொல்லுங்க" என்றாள். அந்தப் பெயர் அட்டைப்பூச்சி போல ஒட்டிக்கொண்டது. பிடுங்கிப் பார்த்தும் போகவில்லை.

லேப் என்பது மாடிப்படிக்குப் பக்கத்தில் இரண்டே அறை. முன்னறையில் கை நீட்டி வைக்கப் பலகை பொருத்திய நாற்காலி, ரப்பர் பட்டை, கலர் கலராய் மூடி போட்ட குழாய்கள். உள்ளறையில் இயந்திரங்கள். ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். அந்த நீர் கோள் சொல்லும் என்பாள் கொசு. வெறும் வயிறு என்று சத்தியம் செய்த வக்கீல் ஒருவரின் குழாயில் அது பால் மாதிரி வெளுத்து நின்றது.

"வக்கீல் சார், ரொட்டில வெண்ணெய் கொஞ்சம் தாராளமோ?"

"ரொட்டி நெசம்மா. வெண்ணெயை மட்டும் ஆட்சேபிக்கிறேன்."

சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பது கொசுவின் கட்சி. மனிதர்கள் புளுகுவார்கள், ரத்தம் புளுகாது. அந்தக் கட்சிக்கு ஆப்பு வைத்தவள், பெயர் வைத்த அதே நாத்தனார்தான்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் தலைமுடி அவளுக்கு முன்னால் வகுப்புக்குள் நுழையும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவளுடைய அண்ணனுக்கு, அதாவது கொசுவின் வீட்டுக்காரருக்கு, உச்சந்தலை வெளிச்சம் போடத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. அவர் ஏதோ எண்ணெய் வாங்கிவந்த அன்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முடி பொறக்கும்போதே வரணும்ண்ணா. பாட்டில்ல வராது."

சொன்ன வாய்க்குக் கண் பட்டதோ என்னவோ, அந்த வருஷமே அவளுக்குக் கொத்துக் கொத்தாய் உதிர ஆரம்பித்தது. டாக்டரம்மாவிடம் போனாள். முடி கொட்டினால் தைராய்டைப் பார்ப்பது வழக்கம். எழுதிக் கொடுத்தார். கொசு ரத்தம் எடுத்தாள்.

வந்த எண்ணைப் பார்த்துக் கொசு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தைராய்டு சுரப்பி ஒரு மாடு என்றால் டி.எஸ்.எச். என்பது மூளை பிடித்திருக்கும் சாட்டை. மாடு தறிகெட்டு ஓடினால் எவரும் சாட்டையை ஓங்க மாட்டார்கள். டீச்சரின் சாட்டை ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. சுரப்பு நீரோ எக்கச்சக்கம். இப்படிப்பட்ட எண்ணுக்கு உரியவர் பெரும்பாலும் இளைத்திருப்பார், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். டீச்சரோ மின்விசிறிக்குக் கீழே சால்வையைப் போர்த்திக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

குழாய் மாறிவிட்டதோ என்று கொசுவுக்குச் சந்தேகம். ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். இயந்திரத்தைச் சோதிக்கவென்றே இருக்கும் மாதிரியைப் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. மறுபடி எடுத்தாள். அதே எண்.

"அண்ணி, யாரு ரத்தத்தையோ என் தலைல கட்டிட்டீங்க."

"உன் ரத்தந்தான்டி. குழாய்க்குள்ளயே வாய்ப்பாடு சொல்லிட்டு இருந்துச்சு."

டாக்டரம்மாவின் அறைக்கு மூவருமாகப் போனார்கள். தங்கைக்கு ஏதோ என்றதும் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். டாக்டரம்மா நாடியைப் பிடித்தார், கழுத்தைத் தடவினார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி ஆளைப் பார்த்தார்.

"எண்ணும் ஆளும் ஒத்துப்போகலையே. வேற எதாவது சாப்பிடறீங்களா? சத்து மாத்திரை, முடிக்கு, நகத்துக்குன்னு?"

டீச்சர் பக்கத்து நாற்காலியைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அங்கே உச்சந்தலை மின்னியது.

"முடிக்கா? நானா? அதெல்லாம் எங்கண்ணன் டிபார்ட்மெண்ட்டு டாக்டர்."

அண்ணன் அசடு வழியச் சிரித்தார். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கொசுவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கடைசியா ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதே எண் வந்தா திங்கக்கிழமை மாத்திரைய ஆரம்பிச்சிடலாம்."

அதே எண்தான் வரும் என்று கொசுவுக்குத் தெரியும். அந்த மாத்திரை தறிகெட்ட மாட்டுக்கு மூக்கணாங்கயிறு. சும்மா நிற்கிற மாட்டுக்குப் போட்டால் அது படுத்துவிடும். டீச்சர் வீங்கி, சோர்ந்து, குளிரில் ஒடுங்கிப் போவாள். எண் தப்பு என்று சொல்லக் கொசுவிடம் ஆதாரம் இல்லை. சரி என்று சொல்ல மனசு இல்லை. இருபது வருஷமாய் ரத்தத்துக்குச் சாட்சி சொன்னவள், முதல்முறையாக ஆளுக்குச் சாட்சி சொல்ல நின்றாள்.

லேபில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள், கூடவே வந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். கொசு ரப்பர் பட்டையைக் கட்டவில்லை. கையை நேராக நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளைப் பரப்பினாள். சுரப்பு அதிகமானவர்களின் விரலில் அந்தத் தாள் காற்றில் சிக்கியது போல் படபடக்கும். டீச்சரின் விரலில் அது மேசைமேல் கிடப்பது போல் கிடந்தது.

அப்போதுதான் கொசுவுக்கு உறைத்தது. டாக்டரம்மா கேட்டது சரியான கேள்விதான். கேட்ட இடம்தான் தப்பு. நையாண்டி செய்தவளை, நையாண்டிக்கு ஆளானவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காமல் என்ன செய்வாள்? கொசு சட்டென்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஐயோ, உங்க வண்டியத் தூக்கிட்டுப் போறாங்க!" என்று ஒரு கூப்பாடு போட்டாள். வீட்டுக்காரர் செருப்பு மாட்டாமல் ஓடினார்.

"அண்ணன் போயாச்சு. இப்ப சொல்லு, என்னத்த முழுங்கற?"

டீச்சர் கைப்பையின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கொசு எழுத்தைப் படித்தாள். முடி வளரும் என்று விற்கிற பயோட்டின் சத்து மாத்திரை, அதுவும் யானைக்குப் போதுமான அளவு.

"அடிப்பாவி! எங்க மெஷின் இதே சரக்கத்தான் பசையா வெச்சு வேலை செய்யுது. உன் ரத்தம் பூரா இது மிதந்தா அது பேயடிச்ச மாதிரி ஒண்ணைக் குறைச்சுக் காட்டும், இன்னொண்ணைக் கூட்டிக் காட்டும்."

"அப்ப எனக்குத் தைராய்டு இல்லையா?"

"இருக்கு. எல்லாருக்கும் இருக்கற மாதிரி."

டாக்டரம்மாவுக்குப் போன் போயிற்று. டப்பாவை நிறுத்தி ஒரு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சாட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இரும்புச்சத்துதான் தரை தட்டியிருந்தது. முடி உதிர்ந்ததற்கு அதுவே காரணம் என்றார் டாக்டரம்மா. மூக்கணாங்கயிறு மருந்துக்கடையிலேயே தங்கிவிட்டது. இவ்வளவும் கொசுவின் சமயோசிதத்தால்.

இதுவரை எழுதியதை நான் வாசிக்கக் கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் சிவப்புப் பேனாவை நீட்டினாள்.

"அந்த வண்டிக் கதைக்கு மார்க் கிடையாது. யாரும் கூப்பாடு போடலை. ஊசியப் பார்த்தா மயக்கம் வரும்னு அண்ணன் தானாவே எழுந்து வெளிய போயிடுச்சு. அண்ணி என்னை ஒரு வார்த்தை கேக்கலை. தாளைப் பார்த்துட்டு என் கையப் பிடிச்சாங்க, அவங்க கைதான் வெடவெடன்னு நடுங்குச்சு. அது தாங்காம நானே டப்பாவை எடுத்து வெச்சேன்."