ஈலண்டுக்குப் புக்கை

நாற்பத்தாறு வயதில், இரண்டு பட்டங்கள் பெற்ற பிறகு, பட்டிப்பொங்கலன்று ஆப்பிரிக்க மான் ஒன்றுக்குச் சர்க்கரைப் புக்கை பொங்கி எடுத்துப்போனவன் நான். ரொறன்ரோவில் இப்படிச் செய்த வேறு எவரையும் இதுவரை கேள்விப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். நான் மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ரில், வீட்டுக்காரரின் வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். தொழிற்சாலையில் பின்னேர வேலை. பகலில் பேச ஆளில்லை. மிருகக்காட்சிசாலைக்கு ஒரு வருடப் பாஸ் எடுத்தேன்.

ஈலண்ட் பெயருக்குத்தான் மான். ஆள் நாம்பன் மாட்டைவிடப் பெரிது. மண்ணிற உடம்பு; விலாவில், யாரோ சுண்ணாம்பு விரலால் இழுக்கத் தொடங்கி அலுத்துப்போய் விட்டது மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள். கழுத்தின் கீழ் அலைதாடி தொங்கும். கொம்புகள் பிழிந்த வேட்டிபோல முறுகியிருக்கும். நெற்றியில் அடர்ந்த கருமயிர். எனக்கு அந்த இடம் வெளித்து நாளாகிவிட்டது. நடந்தால் முன்னங்கால் மூட்டில் 'டக், டக்' என்று சத்தம் வரும். பெரிய கிடா வருகிறது, விலகுங்கள் என்று மற்றக் கிடாக்களுக்கு அது அறிவிப்பு என்று நூலகப் புத்தகமொன்றில் படித்தேன். சீமெந்துத் தரையில் எட்டு மணித்தியாலம் நின்று நின்று என் மூட்டும் அப்படித்தான் சத்தம் போட்டது. யாரும் விலகவில்லை.

வயதான கிடாக்கள் மந்தையை விட்டுத் தனியே திரியும் என்றும் போட்டிருந்தது. அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டேன்.

தை மாதத்து வாரநாளில் அங்கே ஒரு மனிதரும் இருக்கமாட்டார். கொட்டிலுக்குள் அது, கம்பிக்கு இப்பால் நான். என்னைக் கண்டால் எழுந்து கிட்ட வரும். முகத்தில் ஓர் உணர்ச்சியும் இராது, நின்று அசைபோடும். ஆனாலும் இந்த நாட்டில் என்னைக் கண்டு எழுந்து வந்தது அது ஒன்றுதான். அதைப் பட்டிப்பொங்கலன்று வெறும் வாயோடு விடலாமா?

புக்கை கொண்டுபோன ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைத் திறந்தேன். பராமரிக்கும் பெண் வந்துவிட்டாள். வெளிச் சாப்பாடு கொடுத்தால் அதன் வயிறு கெட்டுவிடும், பாஸைப் பறிக்கவேண்டி வரும் என்றாள். பாஸ் போனால் பிறகு வோஷிங் மெஷின்தான் துணை. இது எங்கள் ஆட்கள் மாடுகளுக்கு நன்றி சொல்லும் நாள், ஈலண்டும் மாட்டுக் குடும்பந்தானே என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தில் வாதாடினேன். குடும்பம் சரிதான் என்று ஒத்துக்கொண்டாள். நன்றியை வாயால் சொல்லிவிட்டுச் சோற்றை நீயே சாப்பிடு என்றாள். பாஸைக் கேட்கவில்லை.

நன்றி சொன்னேன், தமிழில். பிறகு அதன் முன்னால் நின்றே டப்பாவைக் காலியாக்கினேன். சர்க்கரை கூடிவிட்டது. அது கடைசி வாய்வரை பார்த்துக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் மனைவிக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"பதினாலு வரியம் உங்களோட குடும்பம் நடத்தினனான். உங்களுக்குப் பொங்கத் தெரியுமெண்டு ஒருநாளும் சொல்லேல்லையே," என்றாள்.