பைக்கில் இல்லாத ஃபுட்ரெஸ்ட்

போன சனிக்கிழமை ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில், தோளில் பிரசவப் பையை மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்க நின்றேன். பை வந்துவிட்டது. பையின் சொந்தக்காரர் வரவில்லை.

எல்லாம் என் பைக்கால் வந்தது.

என் ட்ரெயில் பைக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே போதுமான அளவு அலட்டியிருக்கிறேன் — ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஏறும் உயரமான வண்டி. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்குத்தான். ஞாயிறு தவறாமல் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி எண்ணெய் தடவுவேன். செயினுக்கென்று தனி பிரஷ். மலை ஏற வசதியாக முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தேன். ஓடைத் தண்ணீர் புகாமலிருக்க சைலன்சரை மேலே தூக்கினேன். பின் மட்கார்டைப் பாதியாக வெட்டினேன். கடைசியாக, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் கழற்றினேன்.

எடை குறையும் என்று கராஜ் பாஸிடம் சொன்னேன். பொய்.

தோட்டத்து ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு உண்மை தெரியும். வளைவுக்கு வளைவு ஒரு கை நீளும். லுணுகலை டவுனுக்கு, கிளினிக்குக்கு, கோயிலுக்கு... நிறுத்தினால் அரிசி மூட்டையோடு ஏறுவார்கள். நிறுத்தாமல் போனால் மறுநாள் காலை தொழிலாளர் கூடும் பெரட்டில் நம் பெயர்தான் அடிபடும். ஆனால் கால் வைக்க இடமில்லாத பைக்கைப் பார்த்து யார் கை நீட்டுவார்கள்? இரண்டே வாரத்தில் ரோடு முழுவதும் எனக்கே எனக்கு. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று நாள் மழையில் மேல் டிவிசன் ரோட்டில் மண் சரிந்து, ஆம்புலன்ஸ் கீழேயே நின்றுவிட்டது. மேலே லயத்தில் தேவிகா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. கீழே இறக்க வழியில்லை. மருத்துவமாது சரோஜா மிஸ்தான் மேலே போயாக வேண்டும். தேயிலைக்குள் ஒரு குறுக்குப் பாதை உண்டு — பைக் மட்டும் போகும். சரிவை வேடிக்கை பார்க்க அங்கே பைக்கோடு நின்றவன் யார்? நானேதான்.

"சேர் பைக் எந்த மலையும் ஏறும்ல?" என்றார் மிஸ்.

"ஏறும் மிஸ்."

ஒரு கல்லின் மேல் நின்று, எப்படியோ சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால்கள் இரண்டும் தொங்கின.

"கால எங்கங்க வைக்கிறது?"

வண்டியைக் கிளப்பினேன். வலது கால் சைலன்சரில் பட்டுச் சுட்டது. இரண்டாவது பள்ளத்தில் மிஸ் வழுக்கி இறங்கிவிட்டார். விழாதது என் நல்ல காலம்.

"இதுல போனா என்னையப் பாக்க இன்னொரு மிஸ் வேணும் சேர். நீங்க பேக்க கொண்டுபோய்க் குடுத்துட்டு, சுடுதண்ணி வைக்கச் சொல்லுங்க. நான் நடந்து வர்றேன்."

நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். முழுக்க ஏற்றம். மழை வேறு.

பைக் பிரமாதமாக ஏறியது. சொல்லவே கூசுகிறது.

லயத்தில் தேவிகாவின் புருஷன் செல்வம் ஓடி வந்தான். என்னிடம் படித்தவன். என் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"மிஸ் எங்க சேர்?"

"நடந்து வர்றாங்க."

"நடந்தா? பைக் இருக்கேங்க!"

"பின்னால கால் வைக்க இடமில்லப்பா..."

அவன் குனிந்து பைக்கைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. உள்ளேயிருந்து தேவிகாவின் அலறல் கேட்டது. ஏதாவது ஆகிவிட்டால்? சுடுதண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு, பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். எந்தப் பரீட்சை மண்டபத்திலும் நேரம் அவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

அரை மணி நேரம் கழித்து டபடபவென்று ஒரு சத்தம். மரக்கறி ஏற்றும் சிவராஜின் பழைய பைக். எதிரே வந்தவர், மிஸ் நடப்பதைப் பார்த்து, முட்டைக்கோவா மூட்டைகளைப் பாதையோரம் இறக்கிப்போட்டுவிட்டு அவரை ஏற்றி வந்திருக்கிறார். அந்த வண்டி எண்ணெய் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும். ஆனால் அதுவும் மாற்றியமைத்த வண்டிதான்! மூட்டை தாங்க இரும்பு கேரியர். இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்த அகலமான கால் தட்டு. மிஸ் அதில் காலை நன்றாக ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். எனக்கும் மூச்சு வந்தது.

திங்கட்கிழமை கராஜுக்குப் போனேன். பாஸ் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து நீட்டினார். உள்ளே என் ஃபுட்ரெஸ்ட் இரண்டும்.

"தூக்கிப் போடலயா பாஸ்?"

"எட கொறைக்கணும்னு சொன்னப்பவே திரும்பி வருவீங்கன்னு நெனச்சேன் சேர். எட கொறைக்கிறவரு மொதல்ல வயித்தயில்ல கொறைக்கணும்?"

பூட்டியாயிற்று. சைலன்சருக்கும் சூடு படாமல் ஒரு தகடு வைத்தாயிற்று.

புதன்கிழமை முதல் வளைவில் செல்வம் நின்றிருந்தான். பிள்ளையின் பிறப்பைப் பதிய லுணுகலைக்குப் போக வேண்டுமாம். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தேன்.

அவன் முதலில் குனிந்து பார்த்தான். அப்புறம்தான் கையை நீட்டினான்.