அரை லிட்டர் பாட்டிலும் ஆடிக் காற்றும்

இப்போது வரும் வண்டிகளில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்பதை மீட்டரே காட்டிவிடுகிறது. எங்கள் சர்வீஸ் கவுண்டரில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மைலேஜ் பாட்டில் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராஜபாளையத்தில் பைக் ஷோரூம் ஒன்றில் வருகிற வண்டிகளின் குறைகளை ஜாப் கார்டில் எழுதும் வேலைக்குச் சேர்ந்து, சர்வீஸ் மேனேஜராகி, தலை நரைக்கிற வரை இதே நாற்காலிதான் எனக்கு.

1. காதர் பாயின் வலது கை

கார்புரேட்டர் வண்டிக் காலத்தில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்தான். "கம்பெனிக்காரன் அறுவத்தஞ்சுன்னான். நாப்பத்தஞ்சு தாண்ட மாட்டேங்குது. ஏமாத்திட்டீகளே!"

உடனே பாட்டிலை எடுப்போம். கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். டேங்கின் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரில் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து கார்புரேட்டருக்கு டியூப் கொடுப்போம். அளந்து ஊற்றிய நூறு மில்லி பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்கிற வரை ஓட்டிப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். திரும்பி வருவது டேங்க் பெட்ரோலில்.

ஓட்டுகிறவர் காதர் பாய். எங்கள் தலைமை மெக்கானிக். ஒல்லிக் குச்சி உடம்பு. ஆக்சிலரேட்டரைத் திருகுகிறாரா, தடவுகிறாரா என்றே தெரியாது. நாற்பதைத் தாண்ட மாட்டார், பிரேக்கைத் தொட மாட்டார். போதாததற்கு, ஆனி, ஆடியில் டெஸ்ட் எப்போதும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்தான். மலையிலிருந்து அடிக்கிற காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் தென்காசி ரோட்டில் டெஸ்ட் எடுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அது முதலாளியின் உத்தரவு.

"கஸ்டமர் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போகணும்மா. அம்புட்டுத்தான்" என்பார்.

சிரித்துக்கொண்டேதான் போனார்கள், அந்த ஆடி மாதம் முத்துமாரி வருகிற வரை.

2. பத்து நாள் பெட்ரோல்

காலையில் செல்வராஜ் என்கிற மில் தொழிலாளி ஜெனரல் சர்வீஸுக்கு வண்டியை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். செத்த நேரத்தில் அவர் மனைவி முத்துமாரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். கவுண்டரில் கூட்டம் குறைகிற வரை நின்றாள். பிறகு வண்டி வாங்கும்போது நாங்கள் கொடுத்த விளம்பரத் தாளை என் முன்னால் விரித்தாள். அதில் 65 என்ற எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"யக்கா, இது நெசமா?"

"கம்பெனி சொல்றதும்மா."

"மில்லுக்குப் போக வர, டேங்க் நெறப்புனா மாசம் பூரா வரணும். இருவதாம் நாளே தீந்துருது. பாக்கி பத்து நாள் பெட்ரோல்ல அவிய எங்க போறாவ?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இத்தனை வருடத்தில் இந்த எண்ணை வைத்து வண்டியைத் திட்டியவர்கள் உண்டு, என்னைத் திட்டியவர்கள் உண்டு. புருஷனைச் சந்தேகப்பட்டவள் இவள் ஒருத்திதான்.

"கிலோமீட்டர் பாத்தா தெரிஞ்சிருமே?"

"மீட்டர் கேபிள் அறுந்து ஆறு மாசமாச்சு. மாத்துங்கன்னா, பொறவு பாக்கலாம்ங்காவ. ஏன் மாத்தல?"

காதர் பாய் கழற்றிப் பார்த்து, கேபிள் தானாகத் தேய்ந்து அறுந்ததுதான் என்றார். அவள் நம்பவில்லை. புதுக் கேபிள் போட்டுத் தருகிறோம், ஒரு மாதம் பாரம்மா என்றேன்.

"மீட்டர் ஓடுதுன்னு தெரிஞ்சா போற ஆளு போவாரா? இன்னைக்கே எனக்குத் தெரிஞ்சாகணும். டெஸ்ட் எடுங்க. நீங்களும் அறுவத்தஞ்சுன்னு சொல்லிட்டா, கூமாப்பட்டி பஸ் ஏறி எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை அவள். அழுதிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். காதர் பாயைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வதற்குள் மனுஷன் புதுக் கேபிளைப் போட்டு, பாட்டிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்தப் பக்கம்? வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்!

திரும்பி வந்தவர் வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அறுபத்தி நாலு, தங்கச்சி! வண்டி சும்மா தங்கம்!"

முத்துமாரி தாளை நான்காக மடித்து எழுந்தாள். "சரிக்கா, வாரேன்" என்றாள்.

நான் கவுண்டரைச் சுற்றி ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடி, இரு! அது அந்த ஆளு ஓட்டுன மைலேஜ். காத்து தள்ளிவிட்ட மைலேஜ். ஒம் புருஷன் மைலேஜ் இல்ல!"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி வெளியே வந்தார். "ஏம்மா, நம்ம டெஸ்ட்ட நீயே தப்புங்கிற?"

"மொதலாளி, இது வண்டி கம்ப்ளெயிண்ட் இல்ல. ஒரு குடும்பம்."

அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காதர் பாயிடம், "அந்தப் பாட்டில்ல முழுசா ஊத்து. அவ புருஷனே ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபக்காரர்தான், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

3. எப்போதும் ஓட்டுகிற மாதிரி

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு செல்வராஜ் வந்தார். மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏட்டி, நீ எப்ப வந்த? சாப்டியா?" என்றார். அவள் மடித்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மைலேஜ் டெஸ்ட் எடுக்கணும்ணே" என்றேன். "இவங்கள ஏத்திக்கிட்டு உங்க ஊர் வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க."

"இதுக்கு எதுக்குக்கா இவ?" என்று சிரித்தார். ஆனாலும் ஏற்றிக்கொண்டார். காதர் பாயின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நானும் தொடர்ந்தேன்.

மனுஷர் வண்டி ஓட்டுகிற லட்சணம் இருக்கிறதே! வலது கால் பிரேக் மிதியை விட்டு எழவே இல்லை. பின் விளக்கு வழியெல்லாம் எரிந்துகொண்டே போனது. "அடப்பாவி, பிரேக் டிரம்மு வெந்துரும்டா!" என்று காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் எல்லையைத் தொட்டுத் திரும்பியதும் காற்று நெஞ்சில் மோதியது. என் சேலை பாய்மரமாக உப்பிக்கொண்டது. மலைப்பக்கம் கருமேகம், ரோட்டில் புழுதி, வாயைத் திறந்தால் மண். அந்தக் காற்றில் இன்னொரு தடவை அப்படிப் போகமாட்டோமா என்று இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அதோடு நின்றாரா? மில் ஆட்கள் நிற்கிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் செல்வராஜ் வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை அணைக்காமல் விசாரிப்பு வேறு.

"அண்ணே, இன்னைக்கு சீட் இல்லண்ணே. வீட்டுக்காரி இருக்கா. வேற ஆள் வருதாங்களான்னு பாருங்க."

"போ செல்வம், போ. ஒனக்கு வேற வேலை இல்ல."

முத்துமாரி அவர் தோளுக்கு மேலாக எட்டி பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெட்ரோல் கோடு கோடாக இறங்கியது. எங்கள் ஷோரூம் போர்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது.

காதர் பாய் மீட்டரைப் பார்த்து, விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "நாப்பத்தாறு" என்றார்.

முத்துமாரி காலிப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரோடு என்றும் பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செல்வராஜ் பதறிப்போனார். "என்னட்டி? என்ன ஆச்சு?"

சொல்லாமல் மறைத்திருக்கலாம். எங்களுக்கு வாயைத் திறக்கும் எண்ணம் இல்லை. ஆனால் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தாளில் வட்டம் போட்டது முதல் கூமாப்பட்டி பஸ் வரை.

அவர் கத்தவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தாளக் கேட்ட. ஷோரூம்ல கேட்ட. பாட்டிலக் கேட்ட. என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லட்டி."

ஸ்டாண்டைத் தட்டிவிட்டு எதிர்க்காற்றில் வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

கம்பெனி சொல்கிற எண் பொய் இல்லை. காற்று நுழையாத அறையில், உருளை மேல், அளந்த வேகத்தில் ஓட்டி எடுத்த எண் அது. அங்கே யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை. அன்றிலிருந்து மைலேஜ் புகார் வந்தால், ஓட்டுகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு வார்த்தை கேட்ட பிறகுதான் நான் பாட்டிலைத் தொட்டேன். முதலாளியும், காற்றோடு போய், காற்றை எதிர்த்துத் திரும்பி வருகிற மாதிரி டெஸ்ட்டை மாற்றிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: தாளில் இருக்கிற எண்ணைப் படியுங்கள், பிறகு ஆளைக் கேளுங்கள்.

அன்று காதர் பாய் பின்னாலிருந்து கத்தினார். "அண்ணே! டேங்க் நெறய பெட்ரோல் இருக்கு. டியூப்ப மாத்திவிட்டா ஸ்டார்ட் ஆயிரும்ணே!"

செல்வராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. முத்துமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பின் சீட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள். ஷோரூம் வாசல் வரும்வரை அவள் மூச்சு வாங்கியபோதெல்லாம் அவர் வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் தள்ளினார்.